கடப்படியில் நின்ற ஸாபிறா

என்னைக் கேட்டால், குதிரையை ஓட்டுவது ஒரு வேலையே இல்லை. பயம் காட்டினால் அது தானாக ஓடும். நிற்கவைத்துக் காட்டட்டும், அப்போது பார்க்கலாம் ஆள் யார் என்று. இதை இன்று கல்முனை பஸார் நடுவில் நின்று யாரிடமும் சொல்வேன். போன வருடம் வரைக்கும் நான் பஸாரில் சொல்லித் திரிந்தது வேறு கதை. அது பச்சைப் பொய்.

என் பெயர் அப்துல் ஹமீட், ஊர் சாய்ந்தமருது. துபாயில் ஒரு குதிரை லாயத்தில் பதினொரு வருடம் வேலை செய்தேன். காலையில் நாற்பது குதிரையின் சாணி அள்ளுவேன், பின்னேரம் மறுபடியும் அள்ளுவேன். இடையில் புல்லும் தண்ணீரும் வைப்பேன். அவ்வளவுதான் என் உத்தியோகம். போன புதிதில் ஒருவன், "இதைக் கொஞ்சம் பிடி" என்று ஒரு வெள்ளைக் குதிரையின் கயிற்றை என் கையில் தந்துவிட்டுப் போன் கதைக்கப் போனான். அந்த இரண்டு நிமிடத்துக்குள் ஒரு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். என் மனைவி றாஹிலாவின் காக்கா, அதாவது அண்ணன், ஸலாஹுதீன் அதை ஊருக்கெல்லாம் காட்டி, "என்ட மச்சான் துபாயில குதிரை பழக்குறார்" என்று சொல்லிவிட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை. லீவில் வந்தபோதெல்லாம் நானும் என் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்துவிட்டேன்.

உண்மை தெரிந்த ஒரே ஆள் றாஹிலா. கட்டின பெண்ணிடம் எத்தனை நாள் மறைப்பது, ஒரு லீவில் நானே சொல்லிவிட்டேன். அன்று தொடங்கியது வீட்டில் சண்டை.

"கலியாண ஊட்டுல பொண்டுகள் கேக்கக்குள்ள நான் தலையாட்ட வேண்டிக் கிடக்கு. ஒங்கட பொய்க்கு நான் சாட்சியா?" என்பாள்.

"அதெல்லாம் ஆக்கள் மறந்துருவாங்க."

"மறப்பாங்களாம். எங்கட காக்கா மறக்க விட்டாத்தானே."

அவள் சொன்னது சரி. துபாயை விட்டு வந்த பிறகு எனக்கு ஒரு விசர் எண்ணம் வந்தது. ஒரு குதிரையை வாங்கிப் பழக்கிவிட்டால் பொய் உண்மையாகிவிடும் அல்லவா? நுவரெலியாவில் ரேஸ் ஓடி முடித்த பெண் குதிரை ஒன்றை வாங்கிக் கொண்டுவந்து வீட்டு வளவுக்குள் கட்டினேன். செம்பட்டை நிறம், நெற்றியில் வெள்ளை. ஸாபிறா என்று பெயர் வைத்தேன். பொறுமைக்காரி என்று அர்த்தம். பக்கத்துத் தெரு ஸாபிறா டீச்சர் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. பெயருக்கும் குதிரைக்கும் ஒட்டே இல்லை. ஒரு இடத்தில் நிற்கவே நிற்காது. ஓடத்தான் அதைப் பழக்கியிருந்தார்கள், நிற்பதற்கு யாரும் பழக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஸலாஹுதீன் மச்சானின் மகன் றிப்திக்கு இறக்காமத்தில் பெண் பேசி முடித்தார்கள். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். ஊர்கூடிக் கொண்டுபோய் விடுவோம். பெண் வீட்டு வாசல் கடப்படியில் பெண்ணின் தம்பி செம்புத் தண்ணீரோடு நிற்பான். மாப்பிள்ளையின் காலைக் கழுவுவான், மாப்பிள்ளை அவன் விரலில் மோதிரம் போடுவார், பிறகுதான் உள்ளே போவது.

"றிப்திய ஸாபிறாட முதுகிலதான் கொண்டு போற. பொண்ணூட்டு ஆக்களுக்கிட்டயும் செல்லிட்டன். மாப்புள இறங்கப்படா. மேல இரிக்கக்குள்ளயே தம்பிக்காரன் காலக் கழுவட்டும். வீடியோக்கு நல்லாரிக்கும்" என்றார் மச்சான்.

"ஓம் மச்சான்" என்றேன். அந்த வாயை என்ன சொல்ல.

மச்சான் போனதும் றாஹிலா அடுப்படியிலிருந்து வந்தாள். "அந்தப் பொடியன் குதிரைட காலுக்குக் கிட்டக் குனியப் போறான். அது நிக்காட்டி அவன்ட மண்டை போயிரும். இப்பவே போய் காக்காக்கிட்ட உண்மையச் செல்லுங்க."

"கலியாணத்துக்கு இன்னும் ஆறு கிழமை கிடக்கு. பழக்கிருவன்."

"ஆறு கிழமையில குதிரை பழகுமோ, நீங்க பழகுவீங்களோ?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் விடியச் சுபஹ் தொழுதுவிட்டுக் கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். "நில்" என்றேன், நிற்கவில்லை. கத்தினேன். கயிற்றை வெட்டி இழுத்தேன். அது தலையைத் தூக்கி ஒரு இழுவை இழுத்தது, நான் முகங்குப்புற மண்ணில் கிடந்தேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் கயிற்றை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். "ஹமீட் காக்கா, குதிரை ஒங்கள எங்க கூட்டிப் போற?" என்று ஒருவன் கேட்டான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மூன்று நாள் இதே கூத்துத்தான்.

நான்காம் நாள் மண்ணைத் தட்டிவிட்டு அப்படியே உட்கார்ந்து யோசித்தேன். எங்கள் லாயத்தில் ஆர்ஜன்டீனாக்காரி ஒருத்தி இருந்தாள். புதுக் குதிரைகளைப் பழக்குவது அவள்தான். என்னோடு ஒரு சொல் கதைத்ததில்லை, என் பெயரும் அவளுக்குத் தெரியாது. ஆனால் அவள் குதிரை பழக்கும் வட்டத்தை ஒட்டித்தான் நான் பதினொரு வருடம் சாணி வண்டி தள்ளினேன். கண்ணை வீட்டில் வைத்துவிட்டா போனேன்? அவள் குதிரையில் ஏறவே மாட்டாள். தரையில் நின்று, தலைக்கயிற்றோடு ஒரு நீளக் கயிறு, அவ்வளவுதான். குதிரையை ஒரு இடத்தில் விடுவாள். அது ஒரு காலை எடுத்து வைத்தால், அந்தக் காலை எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கப் பண்ணுவாள். திட்டமாட்டாள், அடிக்கமாட்டாள். சும்மா நின்றால் உடனே கயிற்றைத் தளர்த்திவிடுவாள். இல்லை, நான் நடக்கத்தான் போகிறேன் என்றால், சரி நட என்று தன்னைச் சுற்றிச் சுற்றி நடக்கவிட்டு, பிறகு அதே இடத்துக்குக் கொண்டுவருவாள். நிற்பதுதான் சுகம் என்று குதிரைக்கே விளங்கும்வரைக்கும் விடமாட்டாள்.

எல்லாம் விளங்கியது, வாயை மூடுவதுதான் கஷ்டம். என் வாய் சும்மா இருந்ததாகச் சரித்திரம் இல்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். மண்ணில் குதிக்காலால் ஒரு கோடு கீறி, ஸாபிறாவை அதில் நிறுத்தி, வாய்க்குள்ளேயே நபி பேரில் ஸலவாத்துச் சொல்லத் தொடங்கினேன். ஸலவாத்துச் சொல்லும் வாயால் ஏச முடியாதே. அது அசைந்தால் திரும்பவும் கோட்டுக்குக் கொண்டுவந்து, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவேன். முதல் நாள் மூன்றுக்கு மேல் போகவில்லை. அன்று மட்டும் நூற்றைம்பது தடவையாவது கோட்டுக்குக் கொண்டுவந்திருப்பேன். ஐந்தாம் நாள் பதினொன்று. ஒரு விடியலில் முப்பத்து மூன்று வந்தது. ஸாபிறா தலையைத் தாழ்த்தி, நாக்கைச் சப்பி, ஒரு பெருமூச்சு விட்டது. மீன்காரர்கள் சிரிப்பதை விட்டுவிட்டு எண்ணத் தொடங்கினார்கள்.

பிறகு சத்தம். பஸ் ஹோர்ன் அடித்துக் காட்டினேன், றபான் மேளம் தட்டிக் காட்டினேன். இறக்காமத்துக்காரர்கள் கலியாணத்துக்கும் வயலில் யானை விரட்டுகிற யானை வெடிதான் கொளுத்துவார்கள் என்று தெரியும், அதனால் அதையும் வாங்கி முதலில் தூரத்திலும் பிறகு கிட்டவும் கொளுத்தினேன். ஒவ்வொன்றுக்கும் பாய்ந்தது, ஒவ்வொரு தடவையும் கோட்டுக்கு வந்தது. கடைசியாகக் கால் கழுவுவதுதான் மிச்சம். அதற்கு யாரைக் குனியச் சொல்வது என்று வளவுக்குள் நின்று யோசித்தபோது றாஹிலா செம்போடு வந்தாள்.

"தள்ளுங்க, நான் குனியிறன்."

"நீ என்னத்துக்கு?"

"மத்தவன்ட புள்ளைட தலைக்கு முந்தி நம்மட தலை போகட்டும்" என்றவள் முக்காட்டைச் செருகிக்கொண்டு ஸாபிறாவின் காலடியில் குந்தினாள். எனக்கு ஸலவாத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது. அவள் செம்பைச் சாய்த்துத் தண்ணீரை அதன் காலில் ஊற்றினாள். குதிரை தோலை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது, கால் எடுக்கவில்லை. பத்து நாள் தினமும் அவள்தான் குனிந்தாள். என் பொய்க்குத் தன் தலையைக் கொடுத்த பெண், அதைப்பற்றி வெளியே யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கலியாண நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, கன்டர் லொறியில் ஏற்றி வந்த ஸாபிறாவை இறக்காமத்துச் சந்தியில் இறக்கி, றிப்தியை ஏற்றிக் கூட்டிப் போனோம். வெள்ளை ஷெர்வானியில் பொடியன் ராஜா மாதிரி இருந்தான். இரண்டு பக்கமும் வயல், ரோட்டு நிறைய ஆட்கள். றபான் அடித்தார்கள், யானை வெடி வெடித்தது. ஸாபிறா அலட்டிக்கொள்ளவே இல்லை. ஸலாஹுதீன் மச்சான் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். கடப்படியில் பெண்ணின் தம்பி றிஸ்மி செம்போடு நின்றான். நான் ஸாபிறாவை நிறுத்தினேன். அப்போதுதான் உள்ளே இருந்து பெண்கள் குரவை போட்டார்கள்.

அடப்பாவமே, குரவையை நான் நினைக்கவே இல்லை. எங்கள் தெருவில் குரவையை விட்டுப் பல வருடமாகிவிட்டது. பெண் பிள்ளைகளுக்குப் போடவும் தெரியாது. இறக்காமத்தில் இன்னும் விடவில்லை. ஐம்பது அறுபது பெண்கள் நாக்கைச் சுழற்றி ஒன்றாகப் போட்டால் அது யானை வெடியைவிட மோசம். வெடி ஒரு தடவைதான் வெடிக்கும், குரவை ஓயாது. ஸாபிறாவின் தலை வானத்துக்குப் போனது. கண்ணில் வெள்ளை தெரிந்தது. பின்னுக்குப் பின்னுக்கு ஓடியது. றிப்தி பிடரி மயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். ஆட்கள் சிதறினார்கள்.

"இழுத்துப் புடிங்க மச்சான்" என்று ஸலாஹுதீன் அலறினார். "பொண்டுகள நிப்பாட்டச் செல்லுங்கடா."

"நிப்பாட்ட வேணாம்" என்றேன். அது எப்படி என் வாயில் வந்தது என்று இன்றும் தெரியாது. "அவங்க போடட்டும்."

கயிற்றை இழுக்கவில்லை. அது போன அளவுக்கு நானும் கூடப் போனேன். அது நின்றதும் கயிற்றைத் தளர்த்தினேன். பிறகு கடப்படிக்கு, அதே இடத்துக்குக் கொண்டுவந்தேன். ஸலவாத்து ஒன்று, இரண்டு. திரும்பப் பின்னால் போனது. திரும்பக் கொண்டுவந்தேன். குரலை வெளியே விடவில்லை. மூன்றாம் தடவை ஒரு காலை மட்டும் எடுத்தது. அந்தக் காலை எடுத்த இடத்திலேயே வைக்கப் பண்ணினேன். நான்காம் தடவை ஸாபிறா தலையைத் தாழ்த்தி நின்றது. குரவை காதைப் பிளந்துகொண்டிருந்தது, குதிரை நின்றது. நான் முப்பத்து மூன்று வரைக்கும் எண்ணிவிட்டு, "தம்பி, வாங்க" என்றேன்.

றிஸ்மி என் முகத்தைப் பார்த்தான், குதிரையின் காலைப் பார்த்தான், பிஸ்மி சொல்லிக்கொண்டு வந்தான். றிப்தியின் செருப்பைக் கழற்றித் தண்ணீர் ஊற்றினான். மோதிரம் போட்டு முடிந்ததும் மாப்பிள்ளையை நானே இறக்கிவிட்டேன். பிறகு கயிற்றை நிலத்தில் போட்டேன். போட்டுவிட்டுப் பத்து எட்டு எடுத்து வைத்துத் தள்ளிப் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். யாரும் பிடிக்காத குதிரை, அத்தனை சனத்துக்கு நடுவில், வைத்த இடத்தில் நின்றது. பெருமையில் எனக்குக் கண் கலங்கியது, அதை மறைக்கவும் இல்லை.

பெண்ணின் வாப்பா அச்சிமுகம்மது ஹாஜியார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "மாஷா அல்லாஹ். துபாயில நீங்க பெரிய ட்ரெய்னராமே?"

"ஓம் ஹாஜியார், பதினொரு வருசம்" என்று ஸலாஹுதீன் மச்சான் தொடங்கினார்.

"இல்ல ஹாஜியார்" என்றேன். எல்லாருக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். "பதினொரு வருசமும் அங்க சாணி அள்ளின. குதிரை பழக்கினது ஊருக்கு வந்துதான். நான் பழக்கின முதல் குதிரை இதுதான்."

குரவை நின்றுவிட்டது. மச்சானின் வாய் திறந்தபடியே இருந்தது. ஹாஜியார் என்னைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார், என் கையை மட்டும் விடவில்லை. அந்த அமைதிக்குள் பெண்கள் பக்கமிருந்து ஒற்றைக் குரவை ஒன்று கிளம்பியது. பழக்கம் விட்டுப்போன நாக்கு, முதலில் தடுமாறிப் பிறகு நீளமாகப் போனது. திரும்பிப் பார்க்காமலே எனக்குத் தெரியும், அது றாஹிலா. சாணி அள்ளினவனுக்குக் குரவை போட்ட பெண் இந்தக் கரையில் அவள் ஒருத்திதான்.