சத்தமாகச் சண்டை போட ஓர் ஊர்

"கடல் தெரியும்னு சொன்னீங்களே, எங்க கடல்?"

"தெரியுதே! கட்டில்மேல ஏறி, ஜன்னல்ல தலையை நீட்டி, இடது பக்கம் திரும்பிப் பாரு."

"பாத்தேன். குப்பைத்தொட்டி தெரியுது."

"அதுக்கு அந்தப் பக்கம்!"

"அதுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளு பல் தேய்ச்சுட்டு இருக்கான். அவனை நகரச் சொல்லட்டுமா?"

வெளிநாடு போன முதல் நாள், பெட்டியைக்கூடத் திறக்காத நேரத்தில் நடந்த பேச்சு இது. திறக்கவும் வழியில்லை. ஒரு பெட்டியை விரித்தால் இன்னொன்றைத் தூக்கிக் கட்டிலில் வைக்கவேண்டிய அளவுக்கு அறை விசாலம். குளியலறை நடையின் கோடியில், மாடி முழுவதற்கும் பொது.

கணவருக்கு எங்கள் தெருவில் ஆஃபர் என்று பெயர். ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று எழுதியிருந்தால் யானைச் சங்கிலியைக்கூட வாங்கி வந்துவிடுவார்; யானையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார். இந்தப் பயணமும் அப்படி வந்ததுதான். காதைச் சுற்றி மூக்கைத் தொடுகிற மாதிரி, விமானம் இரண்டு தேசங்களில் இறங்கி ஏறியது. அதற்குள் பெட்டியின் ஒரு சக்கரம் எந்த தேசத்திலோ குடியேறிவிட்டது.

மனைவி டைலரம்மா. தெருவில் பாதிப் பேரின் இடுப்பளவு அவளுக்குத் தெரியும். வெளியே சொல்லமாட்டாள், அது அவளிடம் ஒரு குறைதான்.

"ஏய், மெதுவாப் பேசு! சுவருக்கு அந்தப் பக்கம் ஆளு இருக்கு," என்றார் ஆஃபர்.

பழக்க தோஷம், அவளும் குரலைத் தாழ்த்தினாள். தாழ்த்திய பிறகு யோசித்தாள்.

"இருந்தா? அவனுக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப நான் எதுக்கு மெதுவாப் பேசணும்?"

அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, விமான நிலையத்திலிருந்து விட்டுவைத்த மிச்சத்தையெல்லாம் முழுத் தொண்டையில் தொடங்கினாள். சற்றுநேரத்தில் அவரும் தொண்டையைத் திறந்தார். சுவர் இருமவில்லை.

வீட்டில் சுவர் இருமும். இவர்கள் அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருப்பது வெறும் பிளைவுட் தடுப்பு. அந்தப் பக்கம் மாமியாரும் கொழுந்தனும். ஒரு இருமல் கேட்டால், "காதில் விழுந்தது, நிறுத்து" என்று அர்த்தம். கல்யாணமான நாளாய் இவர்கள் போட்ட சண்டை எல்லாம் கிசுகிசுப்பில்தான். கிசுகிசுத்து எந்தச் சண்டை முடிந்திருக்கிறது? அரைகுறையாய் நிறுத்தியதெல்லாம் ஊறுகாய் மாதிரி ஊறிக் கிடந்தது.

அதில் ஜாடியின் அடியில் கிடந்தது தையல் மெஷின் சண்டை. மெஷின் கூடத்தில் இருக்கிறது. அது ஓடினால் மாமியார் டிவி சத்தத்தைக் கூட்டுவார். டிவி கூடினால் இவள் பெடலை இன்னும் வேகமாக மிதிப்பாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் சமையலறையில், அடுப்புக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கவேண்டும். மருந்துக்கடை மாடியில் ஒரு வீடு காலியாக இருந்தது. மெஷினுக்கென்று ஓர் அறை, அதற்குத் தாழ்ப்பாள். ஊரிலிருந்து திரும்பியதும் பதில் சொல்லவில்லையென்றால் வேறு ஆளுக்கு என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். "அம்மாகிட்ட நேரம் பாத்துச் சொல்றேன்" என்பது ஆஃபரின் பாட்டு. அந்த நேரம் எந்தப் பஞ்சாங்கத்திலும் வரவில்லை.

அதெல்லாம் இருக்கட்டும். முதல் நாளிலேயே இருவருக்கும் ருசி கண்டுவிட்டது. தப்பான பஸ்ஸில் ஏறி, ஊர்க்கோடிக் கிடங்கில் இறக்கிவிடப்பட்டபோது நடுரோட்டில் நின்று சண்டை. அறைக் கெட்டிலில் ரகசியமாக முட்டை வேகவைத்து, மாடி முழுக்க நாறி, வரவேற்பறைப் பெண் மேலே ஏறிவந்தபோது அவள் முன்னாலேயே சண்டை. அவள் பரிதாபப்பட்டு இரண்டு காபி கொடுத்தாள். பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து அவருடைய சித்தி மகள் கல்யாணத்துச் சண்டையை எடுத்து, அலசி, உலர்த்தி, மடித்து வைத்தார்கள். எழுந்தபோது கை கோத்திருந்தார்கள் என்று கேள்வி.

மூன்றாம் நாள் படகு. உல்லாசப் படகு இல்லை, அந்த ஊர்க்காரர்கள் வேலைக்குப் போய்வருகிற படகு. வைஃபை இலவசம் என்பதால் ஆஃபர் தேர்ந்தெடுத்தது. காற்றும் வெயிலுமாக மேல்தளம் அருமையாக இருந்தது. அங்கேதான் டைலரம்மா அந்த ஊறுகாய் ஜாடியைத் திறந்தாள்.

"எனக்கு அந்த வீடு வேணும்! நீங்க கேக்கறீங்களா, இல்ல நான் கேக்கட்டுமா?"

"அம்மா மனசு கஷ்டப்படும்டி!"

"என் கஸ்டமர் அரிசி டிரம்முல இடிச்சுக்கறாளே, அவ கஷ்டப்படலையா? உங்க அம்மாவுக்கு நான் கெட்ட மருமக இல்லங்க. ஆனா எனக்குக் கதவு வேணும். தாழ்ப்பாள் போட்ட கதவு!"

"தம்பி, அந்தப் பொண்ணு சொல்றதுல நியாயம் இருக்கு."

இது ஆஃபர் சொன்னதில்லை. முன் இருக்கையில் பெரிய தொப்பி போட்டிருந்த அம்மாள் திரும்பிச் சொன்னது. நல்ல தமிழ்த் தொப்பி.

டைலரம்மா தலைப்பை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"ஏறினதுலேர்ந்து கேட்டுட்டேதான் இருக்கேன். நடுவுல குறுக்கிடறது மரியாதை இல்லன்னு விட்டேன். ஆமா, எந்த ஊரு, எந்தத் தெரு?"

பொய் சொல்லத் தெரியாத ஆஃபர் தெருவைச் சொன்னார்.

"அட! பால் டிப்போ எதிர்ல எங்க சின்ன நாத்தனார் இருக்காளே! இருங்க, மூணு பேரும் ஒரு போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பறேன்."

எடுத்தும் விட்டாள். அந்தச் சின்ன நாத்தனாரிடம் சேதி போனால், பால்காரர் அடுத்த வாசலுக்குப் போகும்முன் அது மாமியார் காதில் இருக்கும். மாமியார் அடுத்தவர் வாயால் கேட்டால் வீடும் போச்சு, மானமும் போச்சு.

"இப்பவே நீங்க சொல்லணும்," என்றாள். முதல் தடவையாகக் கத்தாமல் சொன்னாள். அதற்குத்தான் ஆஃபர் பயந்தார். கைபேசியை எடுத்தார். எஞ்சின் சத்தத்தில் ஸ்பீக்கரைப் போட்டார்.

"அம்மா! நாங்க தனியாப் போலாம்னு இருக்கோம்!"

"அதான் போயிருக்கீங்களே!"

"அது இல்லம்மா! தனி வீடு! மருந்துக்கடை மாடி!"

அந்தப் பக்கம் டிவி சத்தம் குறைந்தது. டைலரம்மா படகுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏண்டா, பக்கத்து ரூம்ல இருந்து சொல்ல வாய் வரல, கடல் தாண்டிப் போய்த்தான் சொல்லணுமா? அவ பக்கத்துல இருக்காளா?"

"இருக்கேன் அத்தை."

"மெஷினையும் தூக்கிட்டுப் போயிடுவியா?"

"ஆமா அத்தை."

"நிஜமாவா?" என்றார் மாமியார். அந்தக் குரலில் துக்கத்தைத் தேடித்தான் பார்க்கவேண்டும். "அப்ப சீரியல்ல என்ன பேசறாங்கன்னு எனக்கு இனிமே கேக்கும். ஆனா ஒண்ணு, ஞாயித்துக்கிழமை சாப்பாடு இங்கதான். வராம இருந்து பாருங்க, தெரியும்!" போனை வைப்பதற்குமுன் மூக்கை உறிஞ்சியதும் கேட்டது.

டைலரம்மா அழுதாளா சிரித்தாளா என்று தொப்பியம்மாளுக்கே சரியாகத் தெரியவில்லை. காற்று அதிகம் என்று டைலரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பிய வாரமே மருந்துக்கடை மாடிக்குப் பால் காய்ச்சிக் குடிபோனார்கள். காலியான அறையை மாமியார் பேங்க் வேலைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு வாடகைக்கு விட்டார். பிளைவுட் தடுப்புக்கு இந்தப் பக்கம் கொழுந்தன், அந்தப் பக்கம் பேங்க் பெண். இருமலுக்கெல்லாம் கட்டுப்படுகிற வயசா அது? தை மாதம் இருவருக்கும் கல்யாணம் ஆயிற்று. மாசி பிறப்பதற்குள், புதுப்பேச்சில் சீரியல் கேட்கவில்லை என்று மாமியாரே அலைந்து வீடு பார்த்து, அவர்களையும் தனிக்குடித்தனம் அனுப்பிவிட்டார்.