மாடு காட்டுகிறவள்

முத்துப்பிரியா கூட்டிப்போனால் காட்டுமாடு கட்டாயம் கண்ணில் படும் என்று போடி முழுக்கப் பேச்சு. போடிமெட்டுக்குப் போகும் வழியில், காப்புக்காட்டுக்குள் ஆட்களை நடத்திக் கூட்டிப்போய்க் காட்டு விலங்குகளைக் காட்டுவது அவள் வேலை. சென்னையிலிருந்தும் கொச்சியிலிருந்தும் கழுத்தில் பைனாகுலர் தொங்க வருகிறவர்கள் அவள் பெயரைச் சொல்லித்தான் பதிவு செய்வார்கள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. குளம்படியைத் தொட்டுப் பார்ப்பாள். ஒரு பிடி மண்ணைத் தூவிக் காற்று எந்தப் பக்கம் என்று கவனிப்பாள். பிறகு கையை உயர்த்தி எல்லாரையும் நிறுத்துவாள். புல்மேட்டு ஓரத்தில் மாடுகள் நிற்கும். அந்த நேரத்துப் பெருமையை அவள் யாருக்கும் விட்டுத்தர மாட்டாள்.

ஆட்களை ஏற்றி இறக்குவது அவளுடைய அண்ணன் தங்கபாண்டியின் ஜீப்பு. வேலை வாங்கித் தந்ததும் அவன்தான். "எந் தங்கச்சி மூக்குக்கு மாடு தப்பாது சார்" என்று அவன் அளக்கும்போதெல்லாம் வெட்கப்பட்டுக்கொண்டு முன்னால் நடப்பாள்.

வைகாசியில் சிலமலையில் ஒரு காதுகுத்து. அதற்காக லீவு சொல்லியிருந்தாள். விடிந்ததும் மனசு மாறிவிட்டது. கூட்டமும் கூச்சலும் இல்லாமல், யாருக்கும் விளக்கம் சொல்லாமல், தன் மாடுகளைத் தான் மட்டும் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப்பில் தொற்றிக்கொண்டு போய் இறங்கி, புல்மேட்டுக்கு நடந்தாள்.

அங்கே தங்கபாண்டி நின்றான். உரச்சாக்கிலிருந்து கல் உப்பை அள்ளி அள்ளிப் பாறைமேல் இறைத்துக்கொண்டிருந்தான். இறைத்து முடித்ததும், தொழுவத்து மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி "பா... பா... பா..." என்று கூப்பிட்டுவிட்டு ஒதுங்கினான். சோலைக்குள்ளிருந்து அவள் மாடுகள் ஒவ்வொன்றாக வந்து பாறையை நக்கத் தொடங்கின.

அவன் ஜீப்புக்குத் திரும்பியபோது வழிமறித்தாள்.

"என்னண்ணே சோலி இது?"

திடுக்கிட்டவன் சமாளித்துச் சிரித்தான். "எல்லாம் ஒனக்காகத்தான் தாயி. வர்றவுக மாட்டப் பாக்காமப் போனா ஒன்னைய எவன் வேலைல வச்சிருப்பான்?"

"அப்ப நானா ஒரு நாளும் கண்டுபிடிக்கலையா?"

"மண்ணத் தூவிக் காட்டுறயே, அது நல்லாத்தான் இருக்கு. அவுகளுக்கும் அது பிடிச்சிருக்கு."

காட்டு மாட்டை வீட்டு மாடாக்கியது பெரிய பாவம்தான். ஆனால் அந்த நேரம் அவளைத் தைத்தது வேறு. ஒரு நாள்கூட அவன் அவளை நம்பவில்லை. ஊருக்கு முன்னால் ஆடவிட்டு, பின்னால் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறான். கூடப் பிறந்தவனே இப்படிச் செய்தானே என்று நினைக்க நினைக்க ஆத்திரம் பொங்கியது.

மறுநாள் வந்த கூட்டத்தை அவள் புல்மேட்டுப் பக்கமே விடவில்லை. எதிர்ச்சரிவில் இறக்கினாள். புதுச் சாணி கிடந்தது. புல் மேய்ந்த தடம் இருந்தது. காற்றும் முகத்துக்கு நேராகத்தான் வந்தது. ஒன்றே ஒன்று, உப்புக்கு வராத ஒரே ஒரு மாடு கண்ணில் பட்டால் போதும் என்று மனசுக்குள் மன்றாடிக்கொண்டே நடந்தாள். வெயில் ஏறியதுதான் மிச்சம். முள் கீறிய காலோடு கூட்டம் முணுமுணுத்தபடி சாலைக்குத் திரும்பியது.

ஜீப்பில் சாய்ந்து நின்ற தங்கபாண்டி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஏறுங்க சார், வெரசா போயிரலாம். நான் காட்டுறேன்."

"வேணாம்ணே. எனக்காக வேணாம்."

அவன் காதில் போட்டுக்கொள்ளாமல் வண்டியைக் கிளப்பினான். சாலையோரம் தனியாக நின்றவளுக்கு, கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து கூச்சலும் சிரிப்பும் கேட்டன.

ஜீப்பு திரும்பி வந்து நின்றது. ஒரு பெண் தலையை நீட்டிப் போனில் எடுத்த படத்தைக் காட்டினாள். "எவ்ளோ பக்கத்துல பாருங்க! நீங்களும் கூட வந்திருக்கலாம்ல, பாவம்."

முத்துப்பிரியா வாயைத் திறப்பதற்குள் தங்கபாண்டி முந்திக்கொண்டான்.

"அது இப்பத்தான் தொழில் படிக்குது மேடம். போகப்போகச் சரியாயிரும்."