பழகிய கை

பள்ளிப் படிப்பு முடிந்தும், மேற்கொண்டு என்ன ஆவதென்று அவளுக்குப் பிடிபடவில்லை. "உயிரியல் எடு, அப்புறம் எங்க வேணா தாவிக்கலாம்" என்று அப்பா ஏதோ பரமரகசியம் போலச் சொல்லி, கல்லூரியைப் பார்த்து வர அனுப்பியிருந்தார்.

ஆய்வுக்கூடத்தில் மூன்றாமாண்டு அக்கா ஒருத்தி கூண்டுக்குள் கைவிட்டாள். வெள்ளெலிகள் ஓடிவந்து ஒட்டிக்கொண்டன.

"இதுங்களுக்கு உங்ககிட்ட பயமே இல்லையேக்கா!"

"தீனி போட்ட கைதான் கடைசியில, அறுத்துப் பாக்கறதுக்கு முன்னாடி, கழுத்தையும் திருகணும். இங்க அதான் வழக்கம். பழகின கைன்னா திமிறாது."

அவள் கூண்டிலிருந்து ஓரடி பின்வாங்கினாள். "நீங்க ஏன்க்கா இதை எடுத்தீங்க?"

"எனக்கும் அப்ப ஒண்ணும் பிடிபடல."

அக்கா கொஞ்சம் தானியத்தை அவள் உள்ளங்கையில் கொட்டினாள். "இந்தக் குட்டிங்க புதுசா சேரப்போற உங்க வகுப்புக்குத்தான். இப்பவே உன் வாசனை பழகட்டும்."

ஒரு குட்டி அவள் விரலேறி, நிம்மதியாகத் தின்னத் தொடங்கியது.