பச்சை உப்பும் பெரியம்மாவின் மடியும்

1.

இந்தக் கதை பிறந்தது ஒரு கடிதத்தில். யுரேனியம் டெட்ராஃபுளோரைடு பற்றி, ஆய்வகத்தில் வேலை செய்யும் சௌமியாவுக்கு எண் போட்டு ஏழு கேள்விகள் எழுதினேன். ஆறுக்கு விடை வந்தது. 'இதனால் உங்களுக்குப் பயம் உண்டா?' என்ற ஏழாவதற்கு நேரே வெற்றிடம் விட்டிருந்தார். அந்த இடத்தில்தான் எழுதுகிறேன். (கதைக்குள் வந்ததும் 'அவள்' ஆகிவிடுவார். மன்னிப்பார்.)

2.

முதல் தொடக்கம்: 'இருட்டில் பச்சையாக ஒளிர்ந்த அந்தப் பொடியை அவள்—'

அடித்துவிட்டேன். அது ஒளிராது என்று மூன்றாம் விடையில் கொஞ்சம் கோபமாகவே எழுதியிருந்தார். வெறும் பச்சை உப்பு. ஒரு யுரேனியத்துக்கு நான்கு ஃபுளோரின். சூட்டில் ஈரக்காற்று பட்டால் ஃபுளோரின் அமிலப் புகையாகக் கிளம்பும். கால்சியத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் ஃபுளோரின் அதனிடம் போய்விடும்; யுரேனியம் உலோகமாக அடியில் தங்கும். உலர்ந்த வாயு நிரப்பிய பெட்டி, அதிலேயே பிணைத்த கையுறைகள், அவற்றுக்குள் அவள் கைகள். ஆறு வருடத்தில் அந்த உப்பை அவள் வெறுங்கையால் தொட்டதே இல்லை.

3.

திருத்தணி மலையில் சௌமியாவின் தங்கை விஜியின் குழந்தைக்கு இன்று மொட்டை. தாய்மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். மாமன் இல்லை, கூடப் பிறந்தவள் சௌமியா மட்டும்தான்.

"மாமன் இல்லன்னா இன்னா, நீ குந்துக்கா," என்றாள் விஜி.

"நைனா மடியில வையேன்."

"என் முட்டி மடங்காதும்மா," என்றார் அப்பா ஹேமநாதன். ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் ஓட்டுபவர். "இன்னிக்கு மட்டும் சுத்தமா மடங்காது."

"ஏங்க்கா, கையில ஏதாச்சும் ஒட்டிகினு இருக்குதா?"

"குளிச்சி, மெஷின்ல கை காலு காட்டி, சுத்தம்னு வந்தாதான் வெளியவே உடுவாங்க."

"அப்பறம் இன்னா?"

(இங்கே ஒரு விளக்கம் இருந்தது: அதன் ஆல்பாக் கதிர் தோலைத் தாண்டாது, தூள் மூச்சில் போனால்தான் ஆபத்து என்று. எடுத்துவிட்டேன். அவளுக்குத் தெரியாததா? தெரிந்தும் பத்து மாதமாக அந்தக் குழந்தையை அவள் ஒருமுறைகூடத் தூக்கவில்லை.)

"ஊர்ல பசங்கள கை கழுவச் சொல்லி அடிப்பாங்க," என்றார் ஹேமநாதன். "இது கழுவுன கையையே கழுவிகினு இருக்குது."

4.

முடிவு அ: முட்டியை எப்படியோ மடக்கி நைனாவே உட்காருகிறார். எழுதிப் பார்த்தேன். யாருக்கும் நஷ்டமில்லை. கிழித்துவிட்டேன்.

முடிவு ஆ: சௌமியா ஓடிவந்து குழந்தையை அணைத்து, கண்ணீர்*

* இவ்வளவு சுலபமாக அவள் ஓடி வரமாட்டாள்.

5.

"யார் மடிம்மா? நனைச்ச தலை காயுது," என்று மொட்டை போடுபவர் கேட்டார்.

சௌமியா சம்மணமிட்டு உட்கார்ந்தாள். இதுவரை எனக்கு நிச்சயம். விஜி குழந்தையை அக்கா மடியில் வைத்தாள். வைத்ததும் வேண்டுமென்றே தன் கைகளை எடுத்துக்கொண்டாள். சௌமியாவின் கைகள் முதுகுக்குப் பின்னால், ஒன்றையொன்று பிடித்தபடி.

ஈரக் குழந்தை மெல்லச் சரிகிறது. பேனாவை உங்களிடம் தருகிறேன். கொஞ்சம் சீக்கிரம்.