எழுபத்திரண்டு படிகள்

சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை பார்க்கும் அவளை அந்தக் கட்டடமே குச்சி என்றுதான் கூப்பிட்டது. ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. அதை வைத்துக்கொண்டு தினமும் விடிந்ததும் இருபது லிட்டர் தண்ணீர்க் கேனைத் தோளில் சுமந்து நான்கு மாடி ஏறி இறங்கினாள்.

"நான் படி ஏறுறது தொப்பை கரையட்டும்னு. உனக்கு என்னடி கேடு? கரையறதுக்கு உன்கிட்ட என்ன இருக்கு?" என்றாள் மூன்றாம் மாடி அக்கா.

"மூச்சு வாங்குதுக்கா. அதான்."

பொய்யில்லை. முன்பொரு நாள் தப்பி ஓடியபோது மூச்சு வாங்கித்தான் மாட்டிக்கொண்டாள். லாரி ஓட்டும் புருஷன் பெல்ட்டை உருவினாலே ஆறு வயது மகளுக்குக் கால் விறைத்துவிடும். தூக்கிக்கொண்டுதான் ஓட வேண்டும். தெருவுக்கு எழுபத்திரண்டு படி. முப்பத்தாறாவது படியிலேயே இவளுக்கு மூச்சு முட்டியது. பாவி, முடியைப் பிடித்துத் திரும்ப மேலே வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். படி விளிம்பில் மோதிக் காறை எலும்பு முறிந்தது. பிறகு அவள் கண்ணெதிரே மகளை அடித்தான். எலும்பு முறிந்ததைக்கூட மறந்துவிட்டாள், அதை மறக்கவில்லை.

எலும்பு கூடியதும் கேனைத் தூக்கினாள். மகள் பத்தொன்பது கிலோ, கேன் இருபது. முதல் வாரம் நாக்குத் தள்ளியது. இன்றைக்கு ஒரு நாள் படுத்துக்கொள்ளலாமே என்று உடம்பு கெஞ்சும். எலும்பு கூடிய இடத்தில் புடைத்திருந்த முடிச்சை விரலால் அழுத்துவாள். சுள்ளென்று வலிக்கும். எழுந்துவிடுவாள்.

ஒரு நாள் அக்கா வழிமறித்தாள். "தண்ணிய மேல தூக்கிட்டுப் போறவங்களப் பாத்திருக்கேன். நிரம்பின கேனோட கீழ ஓடுறவள இப்பத்தான் பாக்குறேன்."

குச்சி கேனை மறு தோளுக்கு மாற்றினாள். அக்கா அவள் கழுத்தோரக் கன்றலைப் பார்த்தாள். ஒதுங்கி வழிவிட்டாள்.

ஆறு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாடு ஆறிவிட்டதாம். தட்டு பறந்து வந்து அவள் நெற்றியைப் பிளந்தது. ரத்தம் ஒரு கண்ணை மறைத்தது. அவன் பெல்ட்டோடு மகள் பக்கம் திரும்பினான். தையல் கத்தரிக்கோலை எடுத்து அவன் முன்கையில் ஓங்கிக் குத்தினாள். அவன் அலறிய நேரத்தில் மகளை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு பாய்ந்தாள்.

"ரெண்டு பேரையும் இன்னிக்குக் கொன்னுடுவேன்டி!"

பெல்ட் கொக்கி முதுகுச் சதையைப் பிய்த்தது. அவள் நிற்கவில்லை. மூன்றாம் மாடியைத் தாண்டியதும் பின்னால் கதவு திறக்கும் சத்தம், தொடர்ந்து தொம்மென்று ஓர் இடி. திருப்பத்தில் ஓரக்கண்ணால் பார்த்தாள். முழங்காலில் கேன் வந்து மோதி அவன் குப்புற விழுந்திருந்தான். கைப்பிடிக் கம்பியில் மண்டை உடைந்து, ரத்தமும் தண்ணீரும் கலந்து ஓடின.

முப்பத்தாறாவது படி வந்தது, போனது. மூச்சு முட்டவில்லை. மேலிருந்து அக்காவின் குரல் அழுகையோடு விரட்டியது.

"நிக்காதடி, ஓடு! ஆறு மாசமா நானும் ஒரு கேன நிரப்பி வாசல்லயே வெச்சிருந்தேன்!"