வெள்ளிதோறும் அறுந்த இணைப்பு

ஆம்பூரை ஒட்டிய அந்தத் தோல் ஆலையில், வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டே முக்காலுக்கு மர டிரம்கள் எல்லாம் சுழற்சி ஓய்ந்து நிற்கும். தொழுகைக்குச் செல்வோர் சென்றதும் மின்பணியாளர் இன்பராஜ் மொத்த மின்சாரத்தையும் நிறுத்துவார். மின்பலகைகளைத் துடைத்து, ஜெனரேட்டரைச் சரிபார்த்து, மீண்டும் ஆலைக்கு உயிர் கொடுப்பார். சர்வர் அறையும் அந்த ஓய்வில் அடங்கும். பதினேழு ஆண்டுகளாக வழுவாத வழக்கம் அது.

அந்த வழக்கமே இப்போது அவர் வேலைக்கு வினையாகி நின்றது. கடந்த மூன்று வெள்ளிகளிலும், மின்சாரம் திரும்பிய பிறகு கழிவுநீர் மானிகளின் அளவுகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சென்றடையவில்லை. அளவு வராவிட்டால் அங்குள்ளோர் ஆலையின் கழிவுநீரை வாங்கும் வால்வை அடைத்துவிடுவார்கள். அடைத்தால், டிரம்மில் ஊறும் தோல் அத்தனையும் பாழ்.

'மின்சாரம் நின்றபின் இணைப்பு அறுகிறது' என்று அறிக்கை எழுதியவள் கணினிப் பிரிவின் மோகனா. அவள் பொய் எழுதவில்லை. ஆனால் மேலாளர் முனீர் அகமது அந்த வரியில் இன்பராஜின் பெயரைப் படித்தார். இன்றோடு வேலையில்லை என்னும் கடிதம் அவர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

இந்த நான்காம் வெள்ளி, பதினொரு மணிக்கு இன்பராஜ் சர்வர் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா மோகனா, நான் ஸ்விட்ச் போடறதுல இன்னா தப்புன்னு நீயாவது சொல்லேன்."

"உங்க மேல தப்புன்னு நான் எழுதல அண்ணா. நெட்வொர்க் கார்டுதான் காணாம போய்டுது."

"கெட்டுப்போச்சுன்னா கழட்டிக் காட்டு. கருகின வாசனை எனக்குத் தெரியாதா?"

கழற்றிக் காட்ட அங்கே ஏதுமில்லை. ஒரே இரும்புப் பெட்டிக்குள் நான்கு மெய்நிகர் கணினிகள் வாழ்ந்தன. வெறும் எழுத்தால் ஆன உருவங்கள் அவை. அவற்றின் நெட்வொர்க் கார்டுகளும் எழுத்தே. செம்பும் ஈயமும் இல்லாத கார்டு எப்படிக் கருகும்? அவர் கேட்டுவிட்டுப் போன பின்னும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை.

கட்டளைத் திரையைத் திறந்தாள். மானிகளின் கணினியில் இப்போது ஓடும் கார்டுகள் எவை என்று கேட்டாள். இரண்டு, என்றது திரை. நிலையான பதிவில் உள்ளவை எவை என்று கேட்டாள். ஒன்று, என்றது.

மோகனாவின் விரல்கள் விசைப்பலகைமேல் அப்படியே நின்றன.

ஒரு மாதத்துக்கு முன் மானிகளுக்கென்று இரண்டாவது கார்டைக் கட்டளையிட்டுப் பொருத்தியவள் அவளே. ஓடும் கணினிக்குக் கொடு என்பதற்கு 'லைவ்' என்று எழுதினாள். பதிவிலும் எழுதிவை என்பதற்கான 'கன்ஃபிக்' என்ற ஒரு சொல்லை விட்டுவிட்டாள். ஆகவே கணினி அணைந்து எழும்போதெல்லாம் கார்டு இல்லாமலே எழுந்தது. வெள்ளிதோறும் பழைய கட்டளையையே மேலம்புக்குறி விசையை அழுத்தி வரவழைத்து மீண்டும் பொருத்தினாள். உடனே அளவுகள் பாய்ந்தன. தன் விரைவை எண்ணி அவள் மகிழ்ந்ததும் உண்டு.

விட்ட சொல்லைச் சேர்த்துக் கட்டளையிட்டாள். பதிவிலும் இப்போது இரண்டு. இனி எவரும் அறியப்போவதில்லை. இன்பராஜ் போனதால்தான் சரியாயிற்று என்றே ஆலை நம்பும்.

எழுந்து மேலாளர் அறைக்குச் சென்றாள்.

"சார், தப்பு என்னுது."

முனீர் அகமது கண்ணாடியைக் கழற்றினார். "உன் ரிப்போர்ட்ட வெச்சுதானம்மா மூணு வாரமா அவர பேஜார் பண்ணேன். இரக்கப்பட்டுச் சொல்றியா?"

"இல்ல சார். எப்பவும்போல அவரே நிறுத்தட்டும். நான் கீபோர்டைத் தொட மாட்டேன். நீங்க நின்னு பாருங்க."

"நின்னா இங்க ஜமாத் தொழுகை போய்டும்." சற்றே யோசித்தார். "சரி, ஸ்டேஷன் பக்கத்துப் பள்ளிவாசல்ல ஒன்றரைக்குத்தான் தொழுகை. நிக்கறேன்."

டிரம்கள் ஓய்ந்தன. இன்பராஜ் தம் சட்டைப்பையிலிருந்த டெஸ்டரை எடுத்து மேலாளர் முன் வைத்தார். ஒப்படைத்துவிட்டே போவது என்று வந்திருந்தார். "கடைசியா ஒரு தடவ நிறுத்தட்டுமா பாய்?"

"நிறுத்து."

ஆலை இருண்டது. அரைமணி கழித்து அவர் மீண்டும் விசையை ஏற்றினார். கருவறைத் திரை விலகக் காத்திருப்போர்போல் மூவரும் கணினித் திரைமுன் நின்றனர். மோகனா இரு கைகளையும் முதுகுக்குப் பின்னே கட்டியிருந்தாள். ஒரு கார்டு எழுந்தது. அடுத்து இரண்டாவதும் எழுந்தது. மானிகளின் அளவுகள் வரிவரியாக இறங்கத் தொடங்கின.

முனீர் அகமது டெஸ்டரை எடுத்து இன்பராஜின் சட்டைப்பையில் தாமே செருகினார். "அந்த லெட்டரை நான் கிழிச்சிடறேன். மனசுல வெச்சுக்காத," என்று சொல்லி, தொப்பியை அணிந்தபடி விரைந்தார்.

மோகனா தலை நிமிரவில்லை. "மன்னிச்சிடுங்க அண்ணா."

"மூணு வாரமா என் கையிலயே ஏதோ கோளாறுன்னு வீட்ல ஃபேன் ஸ்விட்சக்கூடத் தொடலம்மா," என்றார் இன்பராஜ். "என் வீட்டுக்காரி ஹெலன்தான் போட்டா. இன்னிக்குப் போய் நானே போடறேன்."