காமுவின் கார்டியன்

பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கிய நாளிலிருந்து காமுவின் செருப்பு வீட்டில் நிற்பதில்லை. காலையில் பார்த்தால் பக்கத்து வீட்டு வாசற்படியில் துடைத்து ஜோடியாக வைத்திருக்கும். அந்த வீட்டில் காமுவைவிடச் சின்னவளாக ஒரு பெண் குழந்தை. எலியேசர் போய் எடுத்து வருவான். மறுநாள் மறுபடியும் அங்கேயே கிடக்கும். ஏன் என்று கேட்டால் காமு தரையைப் பார்ப்பாள். அவளுக்கு நாலு வயது.

எலியேசர் தாம்பரத்தில் ரயில்வே சிக்னல்களைப் பழுது பார்க்கிறவன். எது கெட்டாலும் ஏன் கெட்டது என்று தெரியாமல் அவனால் விட முடியாது. இது மட்டும் பிடிபடவில்லை.

விடை அநாதைக் குழந்தைகள் ஹோமில் கிடைத்தது. காமு அங்கிருந்துதான் வந்தவள். தனக்குப் பாலக்காட்டுக்கு டிரான்ஸ்பர் ஆகியிருப்பதைச் சொல்லப் போனபோது, ஆயா அம்மணியிடம் செருப்புக் கதையையும் சொன்னான்.

"இங்க ஒரு கொழந்த கெளம்பிச்சின்னா, அடுத்த கொழந்தைக்குச் செருப்ப வுட்டுட்டுதான் போவும் சார். பொட்டிய எறக்கினீங்கல்ல? தன்ன அனுப்பப் போறீங்கன்னு நெனச்சிக்கினு கீது."

"அனுப்பலம்மா. கூடவே இட்டுக்கினு போறோம்."

அப்படித்தான் அவன் நம்பியிருந்தான். வக்கீல் யக்ஞநாராயணன்தான் அதைக் கலைத்தார்.

"கிறிஸ்தவங்களுக்குத் தத்துச் சட்டமே கிடையாது, எலியேசர். செங்கல்பட்டு கோர்ட் உங்க ரெண்டு பேரையும் கார்டியனாப் போடணும். அதுவரைக்கும் குழந்தை வளர்ப்புக்கு வந்ததுதான். கோர்ட் எல்லையைத் தாண்டிக் கூட்டிண்டு போகக் கூடாது. பாலக்காடு வேற ஸ்டேட்."

"அங்க போய்ப் புதுசா கேஸ் போட்டா, சார்?"

"போடலாம். ஆனா குழந்தை ஹோமுக்குத் திரும்பிடும். அங்க குழந்தை கேட்டு எத்தனை தம்பதி வரிசையில நிக்கறா தெரியுமா?"

டிரான்ஸ்பரை நிறுத்தக் கேட்டு ஆபீசுக்குப் போனான். "உங்க சொந்தக் குழந்தையா?" என்று கேட்டார்கள். அவனால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. டிரான்ஸ்பர் நிற்கவில்லை.

சிக்னல் கேபினில், சிக்னலையும் தண்டவாளத்தையும் மாற்றுகிற இரும்பு லீவர்கள் வரிசையாக நிற்கும். ஒரு லீவரை இழுத்தால், அதற்கு முரணான லீவர்கள் அடியில் பூட்டிக்கொள்ளும். எவ்வளவு பெரிய பலசாலி இழுத்தாலும் அசையாது. இரண்டு ரயில்கள் ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வந்துவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். மனைவி ஞானம்மாளுக்குப் புரிவதற்காக எலியேசர் தரையில் மூன்று கரண்டிகளை வைத்தான்.

"இது என் வேல. பாலக்காட்டுல. இது கொழந்த. தாம்பரத்த வுட்டு நவுரக் கூடாது. இது நீயும் நானும். ஒரே வூட்ல இருக்கணும்னு ஹோம் சொல்லுது."

"நான் இங்கயே இருந்துக்குறேன். நீங்க போங்க."

"பிரிஞ்சி இருந்தா ஹோம் ஒத்துக்காது."

"அப்ப வேலைய வுட்டுடுங்க."

"சம்பளம் இல்லாதவனுக்கு எந்த ஜட்ஜு கொழந்தயக் குடுப்பான்?"

ஞானம்மாள் கரண்டிகளை வாரி அண்டாவில் போட்டாள். "கொழந்தைக்கு அம்மை போட்டுச்சே, அப்ப எந்தக் கோர்ட்டு வந்து வேப்பில அடிச்சிச்சி?"

ஞாயிற்றுக்கிழமை, கோவில் ஆராதனை முடிந்து பல்லாவரத்திலிருந்து ஞானம்மாளின் அண்ணன் தனசிங் மனைவியோடு வந்தான். எலியேசர் அவனுக்கும் கரண்டிகளை வைத்து விளக்கினான்.

"மச்சான், மூணும் சரியாத்தான் கீது. ஆளுதான் தப்பு," என்றான் தனசிங். "நான் எங்கயும் போவப் போறதில்ல. பல்லாவரமும் அதே கோர்ட்டுதான். நாங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா இன்னா?"

எலியேசர் மனத்துக்குள் ஒவ்வொரு லீவராக இழுத்துப் பார்த்தான். எதுவும் பூட்டிக்கொள்ளவில்லை.

"அப்ப நான் அவளுக்கு யாரு, அண்ணா?" என்று கேட்டாள் ஞானம்மாள்.

"அத்த. வேற யாரு? லீவுல அங்க தூக்கிக்கினு போய் வெச்சிக்கோயேன்!" தனசிங் சிரித்தான்.

"எல்லையத் தாண்டக் கூடாது, மச்சான்," என்றான் எலியேசர்.

தனசிங்கின் வீட்டைப் பார்த்துவிட்டு ஹோம் சம்மதித்தது. வக்கீல் எலியேசர் பேரில் இருந்த பழைய மனுவைத் திரும்பப் பெற்று, தனசிங் பேரில் புதியதைப் போட்டார். தீர்ப்பு வருவதற்குள் குழந்தை பழக வேண்டும் என்று ஞானம்மாள் தானே ஆரம்பித்தாள். "அம்மா, தண்ணி" என்று காமு வந்து நிற்பாள். ஞானம்மாள் திரும்ப மாட்டாள், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருப்பாள். காமு அழுது, புடவையைப் பிடித்து இழுத்து, கடைசியில் "அத்தை" என்பாள். அதன் பிறகுதான் தண்ணீர். ஒரு வாரத்தில் பழகிவிட்டது.

கோர்ட் தனசிங்கையும் அவன் மனைவியையும் கார்டியன்களாக நியமித்தது. எலியேசரும் ஞானம்மாளும் பாலக்காட்டில் ரயில்வே குவார்ட்டர்சில் இருக்கிறார்கள். காமு பல்லாவரத்தில் வளர்கிறாள்.